இரண்டரை அடி ரயிலும் தோட்டத்து டைம்டேபிளும்

பெங்களூரு ஒரு காலத்தில் மூன்று அளவுத் தண்டவாளங்களின் ஊர். மதராஸிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக 1864இல் கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தது ஐந்தரை அடி பிராட்கேஜ். மைசூருக்கும் ஹிந்துபூர்ப் பக்கத்துக்கும் போனது மீட்டர்கேஜ். மூன்றாவது பாதையின் அகலம் வெறும் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். யலஹங்காவை விட்டுக் கிளம்பினால் தேவனஹள்ளி, நந்தி, சிக்கபள்ளாபூர், சித்லகட்டா, சிந்தாமணி, ஸ்ரீநிவாசபுரம், கோலார் என்று ஒரு பெரிய வளைவு போட்டு, பங்காருபேட்டையில் பிராட்கேஜைத் தொடும். ஏறக்குறைய 149 கிலோமீட்டர். நேர்வழியில் போக நினைப்பவர் இந்த வண்டியில் ஏறமாட்டார். வழியிலுள்ள ஊர்களுக்காகப் போட்ட பாதை இது.

இதைப் போட்டது ஒரே கை அல்ல. கோலார் பக்கத்திலிருந்து வந்தது கோலார் மாவட்ட ரயில்வே. 1913இல் பங்காருபேட்டையிலிருந்து கோலாருக்கு வண்டி விட்டார்கள். அப்போது பங்காருபேட்டைக்கு, முன்பு மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் பௌரிங்பேட்டை என்று பெயர். இன்னொரு முனையில் பெங்களூரு – சிக்கபள்ளாபூர் லைட் ரயில்வே என்று ஒரு கம்பெனி வேலையைத் தொடங்கி 1915இல் ஓட்டத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டும் கைகோத்தன. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1918 வரை இருந்தவர் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த முத்தேனஹள்ளி, சிக்கபள்ளாபூருக்குப் பக்கத்துக் கிராமம். சொந்த ஊருக்கு ரயில் விட்டுக்கொண்டார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மாவட்டங்கள் தாங்களே பணம் போட்டுப் பாதை போட்டுக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம்தான்; தஞ்சாவூர் ஜில்லா போர்டு 1894இலேயே மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு அப்படி ஒரு பாதை போட்டுவிட்டது.

எதற்காக இரண்டரை அடி? காசுதான் காரணம். அகலம் குறைந்தால் வளைவைக் கூர்மையாகப் போடலாம். மேட்டை வெட்டாமல் சுற்றிக்கொண்டு போகலாம். தண்டவாளமும் பாலமும் இளைத்ததாக இருந்தாலே போதும். இந்த அகலத்துக்கு ஒரு மதிப்பு வாங்கிக் கொடுத்தவர் எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். மகாராஷ்டிரத்தில் அவருடைய பார்சி லைட் ரயில்வே 1897இல் ஓடத் தொடங்கியது. ஓர் அச்சுக்கு ஐந்து டன் பாரம் என்று வரம்பு வைத்து, எஞ்சினையும் வேகனையும் அதற்கேற்பச் செய்தார். (இதே மனிதர் பிற்காலத்தில் விமானிகளுக்குப் பாரசூட் செய்யப் போய்விட்டார்.) கால்கா – சிம்லா பாதை, கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போன களனிவெளிப் பாதை, நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஏறிய பாதை எல்லாம் இதே அகலம். தமிழ்நாட்டிலும் இருந்தது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி 1905. மொரப்பூர் – தர்மபுரி 1906. அது ஓசூருக்கு நீண்டது 1913இல், கோலாருக்குச் சின்ன ரயில் வந்த அதே ஆண்டு. ஓசூர்ப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போயிற்று. போகாமல் இருந்திருந்தால் பெங்களூரின் வாசல்வரை இரண்டு பக்கத்திலும் நாரோகேஜ் நீடித்திருக்கும்.

இத்தகைய பாதையில் ரயில் ஓட்டுவது என்றால் பாதி வேலை காத்திருப்பது. ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஸ்டேஷனில் ஒரு லூப் லைன். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சி டோக்கன். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் லைன் கிளியர் வாங்கினால்தான் டோக்கன் வெளியே வரும். அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. இந்திய ஒற்றைப் பாதைகளில் பரவலாக இருந்த நீல் கருவியில் டோக்கன் என்பது கிரிக்கெட் பந்தளவு இரும்புக் குண்டு. அதை ஒரு தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தில் நின்று நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை விட்டு வளையத்தை வாங்கிக்கொண்டே பழைய வளையத்தை வீசுவார். வேகமாக வந்தால் முழங்கையில் விழும் அடி சாதாரணமானதல்ல.

மீதிப் பாதி வேலை ஷண்டிங். சின்னப் பாதைகளில் ஆளுக்கும் சரக்குக்கும் தனித்தனி வண்டி கட்டுப்படியாகாது; மிக்ஸட்தான். முன்னால் நாலைந்து வேகன், பின்னால் பயணிகள் பெட்டி, கடைசியில் கார்டு. ஒரு ஸ்டேஷனில் ஒரே ஒரு வேகனை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று வையுங்கள். கார்டு இறங்கி எந்த வேகன் என்று சீட்டைப் பார்ப்பார். அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கழற்றி, பிரேக் போட்டு, பயணிகளோடு மெயின் லைனில் நிறுத்துவார்கள். எஞ்சின் மீதியை இழுத்துக்கொண்டு பாயிண்ட்டைத் தாண்டிப் போகும். பாயிண்ட்ஸ்மேன் லீவரைச் சாய்ப்பார். எஞ்சின் பின்னுக்கு வந்து குட்ஸ் ஷெட் லைனில் அந்த வேகனைத் தள்ளும். அங்கே ஏற்கெனவே சரக்கேற்றிய வேகன் ஒன்று நின்றால் இன்னும் வினை: அதை முதலில் இழுத்து வெளியே வைத்து, கொண்டுவந்ததை உள்ளே தள்ளி, பிறகு இதை எடுத்து வண்டியில் கோக்க வேண்டும். வேகன் ஷெட்டின் எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு இரட்டிக்கும். பெட்டியில் இருப்பவர்கள் இறங்கி வடை வாங்கித் தின்று முடித்திருப்பார்கள்.

பங்காருபேட்டையிலும் யலஹங்காவிலும் தலைவலி வேறு விதம். நாரோகேஜ் வேகன் வேறு அகலத் தண்டவாளத்தில் ஏறாது. மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் அடுக்க வேண்டும். டிரான்ஷிப்மென்ட் என்ற இந்த வேலைக்குக் கூலியும் நேரமும் போனதால்தான், அகலம் மாறும் இடங்களைக் கண்டாலே ரயில்வே கணக்கர்களுக்கு ஆகாது.

இப்படி அலுப்பும் காத்திருப்புமாகப் போன வேலையை உலகத்தின் மறுகோடியில் சிலர் விரும்பிச் செய்ய ஆரம்பித்தார்கள், அதுவும் ஓய்வு நாளில். பொம்மை ரயில் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு; வட்டத்தில் சுற்றும், பார்த்துச் சலித்தால் பெட்டியில் போகும். அந்தச் சலிப்புக்கு மருந்து சொன்னவர்களில் முக்கியமானவர் நியூ ஆர்லியன்ஸின் ஃபிராங்க் எலிசன். நாடகக் கொட்டகை வாத்தியக் குழுக்களில் டிரம் வாசித்தவர். ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையில் 1944இல் அவர் எழுதிய தொடர் ரயில் மாடலை ஒரு மேடையாகப் பார்த்தது. வண்டிகள் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை. எஞ்சின் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அது எதற்காக எங்கே போகிறது என்பது பெரிதாயிற்று. 1961இல் டக் ஸ்மித் என்பவர் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை வைத்து, எந்தச் சரக்கு, எந்த ஊருக்கு என்று எழுதி நடத்தும் முறையை அதே பத்திரிகையில் விளக்கினார். குட்ஸ் கார்டின் சீட்டு விளையாட்டுக்குள் வந்துவிட்டது. இடையில் 1946இல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்கள் ஒரு ரயில் மாடல் சங்கம் தொடங்கியிருந்தார்கள். எம்ஐடியில் ஆரம்ப காலத்தில் கணினிக்கு நிரல் எழுதியவர்களில் பலர் அங்கே மேசைக்கடியில் படுத்து டெலிபோன் ரிலேக்களுக்குக் கம்பி பூட்டியவர்கள். பெங்களூரு ஐடிக்காரர்களுக்கு இது குலமுறைச் செய்தி.

வீட்டுக்குள் இருந்த ரயிலைத் தோட்டத்துக்குப் பரவலாகக் கொண்டுபோனது ஜெர்மனியின் லேமன் கம்பெனி. 1968இல் நியூரம்பர்க் பொம்மைச் சந்தையில் எல்ஜிபி என்ற பெயரில் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும், மழையில் நனைந்தாலும் கெடாத வண்டிகளை அது வைத்தது. கவனிக்க வேண்டியது, அவை பெரிய ரயில்களின் மாதிரி அல்ல. ஐரோப்பிய நாரோகேஜ் ரயில்களின் மாதிரி. காரணம் எளிது. தோட்டத்தில் வளைவு கூர்மையாகத்தான் வரும். நீளமான எக்ஸ்பிரஸ் அதில் திரும்பாது. நாரோகேஜ் வண்டிகள் குட்டையானவை, கூர்மையான வளைவுக்கென்றே பிறந்தவை. பிறகு அமெரிக்கர்கள் 1:20.3 அளவில் அதே தண்டவாளத்தை மூன்றடிப் பாதையாக்கிக் கொலராடோ மலைரயில்களை ஓட்டினார்கள். பிரிட்டனில் 32 மில்லிமீட்டர் தண்டவாளம் இரண்டடிப் பாதையாயிற்று. டார்ஜிலிங் ‘பி’ வகுப்பு எஞ்சினின் நீராவி மாதிரியை டான்காஸ்டரில் செய்து விற்றார்கள். மாதிரியில் திருப்தி அடையாதவரும் இருந்தார்: பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகி ஏட்ரியன் ஷூட்டர் 1889இல் கட்டப்பட்ட நிஜ டார்ஜிலிங் எஞ்சின் 778ஐயே வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டடிப் பாதை போட்டு ஓட்டினார்.

தோட்டத்தில் கூட்டமாக நடத்தும் ஓட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் டிஸ்பேச்சர், அவர் தண்டவாளத்தையே பார்க்காமல் ஒரு மூலையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். வண்டிக்கு இரண்டு பேர்: ஒருவர் டிரைவர், மற்றவர் நம்மூர்க் கார்டு, அமெரிக்காவில் அவருக்குக் கண்டக்டர் என்று பெயர். அட்டைக் கட்டு கார்டு கையில். சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் நிஜ நேரத்தைவிட நாலைந்து மடங்கு வேகமாக ஓடும். நீராவி எஞ்சின் என்றால் தண்ணீரும் கேஸும் உண்மையிலேயே தீரும்; அதற்கும் டைம்டேபிளில் இடம் விட வேண்டும். முந்தின ராத்திரி விழுந்த சருகும், எறும்பு தள்ளிய மண்ணும் தடம்புரள வைக்கும் என்பதால் காலையில் முதல் வேலை துடைப்பம். மூன்று மணி நேரத்தில் ஒரு பகல் முழுவதற்குமான போக்குவரத்தை நடத்தி முடித்துவிட்டு, யார் யாரைக் காக்க வைத்தார் என்று சண்டை போட்டுக்கொண்டே டீ குடிப்பார்கள்.

இதே காலத்தில் பெங்களூரில் நடந்ததுதான் வேடிக்கை. எல்ஜிபி சந்தைக்கு வந்த நாட்களில் யலஹங்காப் பக்கம் நிஜமான இரண்டரை அடி ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை ரசிக்கத்தான் ஆள் இல்லை. பஸ் சீக்கிரம் போயிற்று, லாரி வீட்டு வாசலுக்கே வந்தது. 1992இல் இந்திய ரயில்வே ஒரே அகலம் என்ற திட்டத்தைக் கையில் எடுத்தபின், 90களில் துண்டு துண்டாக இந்தப் பாதையை மூடி அகலமாக்கத் தொடங்கினார்கள். சிக்கபள்ளாபூர் – கோலார் துண்டு பிராட்கேஜாகத் திரும்பி வர 2013 ஆயிற்று. கோலார் – பங்காருபேட்டை இடையே சில காலம் பெமல் நிறுவனம் கட்டிய ரயில்பஸ் ஒன்று தனியாக ஓடியது. சின்ன ரயிலின் குணம் அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தொட்டஜாலா, தேவனஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய இடங்களில் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் மிஞ்சின. பக்கத்திலேயே 2021 முதல் விமான நிலையத்துக்கென ஒரு ஹால்ட் வந்திருக்கிறது. எஞ்சின் பார்க்க வேண்டுமானால் மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஸ்டாஃபோர்டில் பேக்னால் கம்பெனி கட்டிய ஈ.எஸ். 506 அங்கே நிற்கிறது. பெங்களூருக் குழந்தைகளுக்கு மிஞ்சியது கப்பன் பூங்கா பாலபவனின் புட்டாணி எக்ஸ்பிரஸ். அதில் ஷண்டிங்கும் இல்லை, டோக்கனும் இல்லை. சுற்று மட்டும் உண்டு.

அந்தப் பாதையை இன்று ஒருவர் தோட்டத்தில் போட நினைத்தால் கணக்கு இப்படி வரும். 762 மில்லிமீட்டரை 45ஆக்கினால் அளவு 1:17. அந்த அளவில் 149 கிலோமீட்டர் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர். பெங்களூரில் நடுத்தர வர்க்கத்தின் கனவு தர்ட்டி ஃபார்ட்டி சைட், அதாவது முப்பதுக்கு நாற்பதடி மனை. வீடே கட்டாமல் நாற்பதடிப் பக்கத்தில் நேராகத் தண்டவாளம் போட்டால் நிஜத்தில் சுமார் 207 மீட்டர் ஆகும். மதிலோரமாகச் சுற்றி வந்தாலும் முக்கால் கிலோமீட்டர் எட்டாது. ஆகவே ஊர்களுக்கிடையே இருக்கும் தூரத்தைக் கைவிட்டுவிட்டு, கடிகாரத்தை விரைவாக ஓடவிட்டு, ஸ்டேஷன்களை மட்டும் ஒழுங்காகச் செய்வதே வழி. பங்காருபேட்டையில் பிராட்கேஜ் பிளாட்பாரமும் மூட்டை மாற்றும் ஷெட்டும் கட்டாயம். கோலார், சிந்தாமணி, சிக்கபள்ளாபூர் மூன்றுக்கும் லூப். நந்தி ஹால்ட்டுக்கு ஒரு பிளாட்பாரம் போதும்.

ஆறு பேர் இருந்தால் நடத்திவிடலாம். மே மாதம் என்று வைத்துக்கொண்டால் ஸ்ரீநிவாசபுரத்து மாம்பழ அட்டைகள் குவியும். காலி வேகன்களை முந்தின நாளே அங்கே அனுப்பி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்பேச்சர் திட்டு வாங்குவார். சித்லகட்டா பட்டுக்கூடு தாமதம் பொறுக்காது, புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும். அது பாசஞ்சரின் லக்கேஜ் வேனில்தான் போக வேண்டும். அந்தப் பாசஞ்சரும் மாம்பழ குட்ஸும் சிந்தாமணியில் எதிரெதிரே வரும். பாசஞ்சருக்கு வழிவிடுவது விதி. ஆனால் லூப்பில் ஒதுங்க வேண்டிய குட்ஸ் லூப்பைவிட ஒரு வேகன் நீளம் என்றால், பாசஞ்சரை வெளியிலேயே நிறுத்தி, அந்த ஒரு வேகனைக் கழற்றி ஷெட் லைனில் தள்ளி, பிறகு மீதியை ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒருவர் தண்டவாளத்தோரம் குனிந்து பாயிண்ட்டை மாற்றுவார், இன்னொருவர் அட்டையில் நேரம் குறிப்பார். இரண்டு கார்டுகளும் தாமதத்தை அடுத்தவர் கணக்கில் எழுதப் பார்ப்பார்கள். அந்த வழக்கு தீர்வதற்குள் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் முக்கால் மணி ஓடியிருக்கும், சிக்கபள்ளாபூரில் அடுத்த வண்டி லைன் கிளியர் கேட்டு மணி அடித்துக்கொண்டிருக்கும்.