ஊர் மன்றமும் நாட்டு வினாவும்

நாடு முழுவதற்கும் உரிய ஒரு வினாவை மக்கள்முன் வைத்துப் பொது வாக்கெடுப்பு நடத்தும்போது, ஊராட்சி மன்றங்கள் ஒரு பக்கம் சேர்ந்து குரல் கொடுக்கலாமா? கால்வாயைத் துப்புரவு செய்யவும் தெருவிளக்கு ஏற்றவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், நாட்டின் எல்லையையும் கொடியையும் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது முறையாகுமா?

மேலை நாடுகளில் இவ்வினா அவ்வப்போது எழுந்து அடங்குவதுண்டு. நமக்கோ இது வெறும் ஏட்டு வினா அன்று. மலேசியக் கூட்டரசு உருவான காலத்தில், அதாவது 1961 முதல் 1963 வரையிலான மூன்று ஆண்டுகளில், இவ்வினாவின் பல முகங்களையும் இவ்வட்டாரம் கண்டுவிட்டது. மன்றமே இல்லாமல் ஓரிடத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்கெடுப்பே இல்லாமல் வேறோர் இடத்தில் மன்றத் தேர்தல் அதன் வேலையைச் செய்தது. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

சிங்கப்பூர்: மன்றமில்லாத வாக்கெடுப்பு

1961ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், சிங்கப்பூரில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் கூடியிருந்த விருந்தொன்றில், மலாயா, சிங்கப்பூர், போர்னியோ நாடுகள் நெருங்கி வாழ வேண்டும் என்னும் கருத்தைத் துங்கு அப்துல் ரகுமான் வெளியிட்டார். அதன் பயனாகச் சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1ஆம் நாள் பொது வாக்கெடுப்பு நடைபெற்றது.

வாக்குச் சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. கல்வியிலும் தொழிலாளர் துறையிலும் தன்னாட்சி பெற்று இணைவது முதல் வழி. பினாங்கு, மலாக்கா போன்று முழு மாநிலமாக இணைவது இரண்டாவது. போர்னியோ நாடுகளுக்குக் கிடைக்கும் சலுகைகளுக்குக் குறையாத சலுகைகளுடன் இணைவது மூன்றாவது. இணைய வேண்டா என்பதற்குச் சீட்டில் இடமில்லை. ஆளும் கட்சி முதல் வழியை ஆதரித்தது. அவ்வழிக்கு அடையாளமாகச் சீட்டில் அமைந்ததும் சிங்கப்பூரின் கொடியே. எதிர்த்து நின்ற பாரிசான் சோசலிஸ் கட்சி, வெற்றுச் சீட்டைப் பெட்டியில் இடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆயின் வெற்றுச் சீட்டு இடுவோர் சட்டமன்றத்தின் முடிவுக்கு இசைந்தவராகவே கொள்ளப்படுவர் என்று சட்டத்தில் விதி இருந்தது.

முதல் வழிக்கு 397,626 வாக்குகள் கிடைத்தன. இரண்டாவதற்கு 9,422; மூன்றாவதற்கு 7,911. வெற்றுச் சீட்டுகளோ 144,077. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் சீட்டில் எதையும் குறிக்கவில்லை.

அந்நாளில் சிங்கப்பூரில் கருத்துரைக்க ஊராட்சி மன்றம் ஏதும் இல்லை. நகர மன்றம் 1959லேயே மறைந்து, அதன் பணிகள் அரசாங்க அமைச்சுகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? 1957 டிசம்பர் தேர்தலில் அம்மன்றத்தின் 32 இடங்களில் மக்கள் செயல் கட்சி 13 இடங்களையே வென்றது. எஞ்சியவை பல கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் பிரிந்து சென்றன. அத்தகைய மன்றம் இணைப்பைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தால், பதினேழு பேர் கை தூக்கியதை ‘நகரத்தின் குரல்’ என்று பறைசாற்றியிருப்பர். மற்றப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குரல் எங்கே போயிருக்கும்? அவர்களும் அதே மன்றத்திற்கு வரி கட்டியவர்கள்தாமே!

வாக்கெடுப்பின் சிறப்பே ஒவ்வொரு தலையையும் தனித்தனியே எண்ணுவதில்தான் இருக்கிறது. மன்றத் தீர்மானமோ தலைகளைக் கட்டுக்கட்டாக எண்ணுகிறது. நாடு ஒவ்வொருவரையும் நேரில் கேட்கும் நாளில், இடையில் நின்று ஒரு மன்றம் எல்லார்க்கும் சேர்த்து விடை சொல்வது பொருந்தாது.

புரூணை: கேளாத செவிகள்

இனிப் போர்னியோவுக்குச் செல்வோம். அங்குப் பொது வாக்கெடுப்பு நடைபெறவில்லை. மன்றங்களே மக்களுக்காகப் பேசும் நிலை ஏற்பட்டது.

புரூணையில் 1962 ஆகஸ்டுத் தேர்தலில் மாவட்ட மன்றங்களின் 55 இடங்களில் 54 இடங்களை, ஏ. எம். அசஹாரியின் தலைமையில் இயங்கிய புரூணை மக்கள் கட்சி கைப்பற்றியது. அம்மன்றங்களே சட்டமன்றத்தின் 33 உறுப்பினர்களுள் 16 பேரைத் தேர்ந்தெடுத்தன. அப்பதினாறும் அக்கட்சிக்கே கிடைத்தன. அக்கட்சி மலேசியத் திட்டத்தை எதிர்த்து, வட கலிமந்தான் என்னும் தனிக் கூட்டாட்சியை நாடியது. சட்டமன்றம் கூடும் நாள் தள்ளிப்போடப்பட்டது. 1962 டிசம்பர் 8ஆம் நாள் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. சிங்கப்பூரிலிருந்து விரைந்த பிரிட்டிஷ் படைகள் அதனை அடக்கின. கட்சி தடை செய்யப்பட்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இறுதியில் புரூணை மலேசியாவில் சேரவும் இல்லை.

ஆயுதம் தூக்கியதை நாம் போற்றவில்லை. எனினும், சட்டமன்றத்தில் தம் உறுப்பினர் பேசட்டும் என்று வாக்களித்த மக்கள், அவ்வுறுப்பினர் வாய் திறக்கும் முன்னரே கதவு சாத்தப்பட்டதைக் கண்டனர் என்பதையும் மறத்தற்கில்லை.

சரவாக்: மன்றத் தேர்தலே வாக்கெடுப்பாக

சரவாக்கிலும் வட போர்னியோவிலும் மக்கள் விருப்பத்தை அறிய 1962 பிப்ரவரியில் கோபால்டு பிரபுவின் தலைமையில் ஐவர் ஆணைக்குழு வந்தது. பினாங்கு முதலமைச்சர் வோங் பாவ் நீயும் கசாலி ஷாபியும் மலாயாவின் சார்பில் அதில் இடம்பெற்றனர். நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆணைக்குழு சந்தித்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மலேசியாவை உறுதியாக ஆதரிக்கின்றனர். மற்றொரு பங்கினர் தக்க பாதுகாப்புகள் வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஆதரிக்கின்றனர். எஞ்சிய பங்கினருள் சிலர் முதலில் விடுதலை வேண்டும் என்றும், வேறு சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே நீடிக்கட்டும் என்றும் கருதுகின்றனர் என்பது அதன் கணிப்பு.

இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் இதனை ஏற்கவில்லை. 1963இல் மணிலாவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடி, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தலைமைச் செயலாளர் ஊ தாண்ட் மக்கள் விருப்பத்தை அறிந்து சொல்ல வேண்டும் என்று உடன்பட்டனர். எவ்வாறு அறிவது? புதிதாக வாக்கெடுப்பு நடத்தவில்லை. அண்மையில் நடந்து முடிந்த தேர்தல்களில் மலேசியா ஒரு முக்கிய வினாவாக இருந்ததா, வாக்காளர் பட்டியல் செம்மையாக இருந்ததா, தேர்தல் அச்சுறுத்தலின்றி நடந்ததா, வாக்குகள் முறையாக எண்ணப்பட்டனவா என்று ஆராய்வதே பணி என்று வகுத்தனர்.

சரவாக்கில் அந்தத் தேர்தல் எது? மாவட்ட மன்றத் தேர்தல்தான்! 1963இன் நடுப்பகுதியில் மக்கள் நேரே வாக்களித்தது மாவட்ட மன்றங்களுக்கு மட்டுமே. மாவட்ட மன்றத்தார் பிரிவு ஆலோசனை மன்றத்தாரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் சட்டமன்றமாகிய கவுன்சில் நெகிரிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். ஏணிப்படி போன்ற இந்த மூன்றடுக்கு முறையின் கீழ்ப்படியில் நின்றே மக்கள் பேச முடிந்தது.

மொத்தம் 429 இடங்கள். மலேசியாவை ஆதரித்த சரவாக் கூட்டணி 138 இடங்களை வென்றது. கூட்டணியினின்று விலகியும் மலேசியாவை ஆதரித்து வந்த பனாஸ் கட்சி 59 இடங்களைப் பெற்றது. எதிர்த்து நின்ற சரவாக் ஐக்கிய மக்கள் கட்சிக்கு 116 இடங்கள். சுயேச்சைகளுக்கும் 116 இடங்கள்.

இந்த எண்களைச் சற்றே கூட்டிப் பார்க்க வேண்டும். ஆதரித்த இரு கட்சிகளுக்கும் சேர்த்து 197 இடங்கள், பாதிக்கும் குறைவு. எதிர்த்த கட்சிக்கோ நான்கில் ஒரு பங்கை எட்டிய அளவே. ஆகவே பெரும்பான்மை எது என்பதற்கான விடை, கட்சிச் சின்னமின்றி நின்று வென்ற அந்த 116 பேரின் உள்ளத்தில் இருந்தது. சுயேச்சையாக நின்றவருக்கு விழுந்த வாக்கு மலேசியாவுக்காகவா, நல்ல பாலத்துக்காகவா, அவருடைய குடும்பப் பெயருக்காகவா? வாக்குப் பெட்டி இதனைச் சொல்லாது. பிறர் கணித்தே சொல்ல வேண்டும்.

லாரன்ஸ் மிச்செல்மோர் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழு 1963 ஆகஸ்டில் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களையும் கட்சித் தலைவர்களையும் பிறரையும் கண்டு பேசிற்று. மக்களில் பெரும்பான்மையினர் மலேசியாவில் சேரவே விரும்புகின்றனர் என்று செப்டம்பர் 14ஆம் நாள் ஊ தாண்ட் அறிவித்தார். இரண்டு நாள் கழித்து மலேசியா பிறந்தது. அம்முடிவை இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் ஏற்க மறுத்தன.

கோபால்டு கணிப்பும் ஐக்கிய நாட்டு முடிவும் ஒரே திசையைக் காட்டின என்பது உண்மை. நாம் கேட்பது வேறு. நீண்ட வீட்டிலிருந்து நடந்து வந்து தம் ஊர் மன்றத்துக்கு வாக்களித்த ஒருவருக்கு, அவ்வாக்கைப் பின்னாளில் ஓர் உலக நிறுவனம் நாட்டின் தலைவிதிக்கான விடையாக எடுத்துக்கொள்ளும் என்று எவரேனும் சொன்னார்களா? மணிலாவில் உடன்பாடு கண்டபோது அத்தேர்தல் நடந்து முடிந்திருந்தது. விடையை முதலில் வாங்கிக்கொண்டு வினாவைப் பிறகு எழுதியது போலாயிற்று.

மலாயா: ஊர் மன்றம் பட்ட பாடு

நாட்டுப் பூசலின் சுமை ஊர் மன்றத்தின் தோளில் விழுந்தால் என்னவாகும் என்பதைத் தீபகற்பமும் அறியும். 1957 சனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகர நிலை பெற்றது. அதன் மேயராகத் தமிழரான டி. எஸ். இராமநாதன் அமர்ந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த நகராண்மைக் கழகங்கள் பல ஊர்களில் செழித்திருந்த காலம் அது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடைபெறும் எனத் துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் அமைதி திரும்பியது, தேர்தல் திரும்பவில்லை.

செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு 1968இல் அளித்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமோ நியமன முறையை நிலைநாட்டியது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012இல் சட்டம் இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014இல் அம்முயற்சியை ஏற்கவில்லை. எல்லையில் மூண்ட பூசல் எப்போதோ ஓய்ந்துவிட்டது. அதற்காகப் பறிக்கப்பட்ட வாக்குச் சீட்டு, ஊர் மக்களின் கைக்கு மீளவில்லை.

எதிர்வாதமும் விடையும்

“மன்றத்தாரும் மக்கள் பிரதிநிதிகள்தாமே? நாட்டுக்கு ஆபத்து என்று உணர்ந்தால் அவர்கள் ஊமையாக இருக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உறுப்பினர் ஒருவர் தம் பெயரில், தம் கட்சி மேடையில், தம் செலவில் எதையும் பேசலாம், பேசவும் வேண்டும். தடுக்க வேண்டியது அவர் குரலை அன்று; மன்றத்தின் முத்திரையையும் பணப்பெட்டியையும் அவர் அக்குரலோடு சேர்த்துக் கட்டுவதைத்தான்.

வினாவே மன்றத்தைப் பற்றியதாக இருந்தால் நிலை சற்று வேறுபடும். ஆஸ்திரேலியாவில் 1988 செப்டம்பர் 3ஆம் நாள், ஊராட்சிக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடமளிப்பதா என்பது மக்கள்முன் வைக்கப்பட்டது. எந்த மாநிலமும் அதனை ஏற்கவில்லை. அத்தகைய வாக்கெடுப்பில் தமக்கு நேரும் நன்மை தீமைகளை மன்றங்கள் எடுத்துரைப்பது கடமையே. அப்போதும் செய்திகளை எடுத்துரைப்பது வேறு. வரிப்பணத்தில் பரப்புரை செய்வது வேறு.

போர்னியோவை ஆண்ட பிரிட்டன் தன் நாட்டுக்கென 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. வாக்கெடுப்புக்கு முந்திய 28 நாட்களில் அரசாங்கமும் ஊராட்சி மன்றங்களும் பொதுப்பணத்தில் இயங்கும் பிற அமைப்புகளும் அவ்வினாவைப் பற்றிப் பரப்புரை ஏடுகள் வெளியிடலாகாது என்பது அதன் விதி. நல்ல விதிதான்; ஆனால் 28 நாட்கள் போதா. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்னும் வாக்கெடுப்பின்போது, அக்கெடு தொடங்கும் முன்னரே ஏறத்தாழ 93 இலட்சம் பவுன் செலவில் அரசாங்கம் தன் கருத்தை அச்சிட்டு வீடுதோறும் அனுப்பிற்று.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் விதி ஒன்றே. அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஊர் மன்றம் தன் முத்திரையால் நாட்டு வினாவுக்கு விடை எழுதலாகாது என்பது ஒரு பக்கம். ஊர் மன்றத் தேர்தலை நாட்டு வினாவுக்கு விடையாக ஆள்வோர் படிக்கலாகாது என்பது மறுபக்கம். முதற்பக்கத்தை மட்டும் வற்புறுத்துவோர் பலர். ஆனால் 1963இன் வரலாற்றில் எல்லை தாண்டியவை ஊர் மன்றங்கள் அல்ல; அவற்றின்மேல் நாட்டின் சுமையை ஏற்றியவர்கள் மேலிருந்தோரே. மக்களின் விருப்பம் தேவையாயின், மக்களையே நேராகக் கேட்க வேண்டும். சுற்றி வளைத்துக் கால்வாய் மன்றத்தைக் கேட்பது அவர்களை மதிப்பதாகாது.

ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் மீளும் நாள் என்றேனும் வருமாயின், புதிய சட்டத்தில் இவ்விரு பக்கங்களும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். மதிப்பீட்டு வரி செலுத்தும் நம்மவர், தம் தெருவின் கால்வாயைப் பற்றித் தாமே ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, நாட்டுப் பூசலின் பெயரால் இன்னொரு முறை இழக்கலாகாது.