பள்ளியறையில் குரலும் சொல்லும்

கூடலின்போது மனைவியிடம் எழும் ஒலியை இன்பத்தின் தன்னியல்பான வெளிப்பாடு என்றே பலரும் கொள்கின்றனர். அந்த ஒலி பல வேளைகளில் துணைவனை நோக்கியதாகவும் இருக்கலாம்; சொல்லின் துணையின்றி அதன் பொருளைத் தெளிய இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கேல் புரூவர், காலின் ஹென்ட்ரி இருவரும் 71 பெண்களிடம் தகவல் திரட்டி 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. அப்பெண்களின் உச்சநிலையும் அவர்கள் மிகுதியாகக் குரலெழுப்பிய நேரமும் ஒன்றாக இல்லை. ஆணின் உச்சத்தை ஒட்டியே குரல் மிகுந்திருந்தது. கூடலை விரைந்து முடிக்கவும் துணைவனின் தன்மதிப்பை உயர்த்தவும் குரல் எழுப்பியதாகப் பலர் கூறினர். 71 பேர் சிறு தொகைதான். இதை எல்லாப் பெண்களுக்கும் ஏற்ற முடியாது. ஆயினும் 'ஒலி பொய் சொல்லாது' என்ற நம்பிக்கையை அசைக்க இது போதும்.

இந்த நம்பிக்கை பழையது. காமசூத்திரத்தின் இரண்டாம் அதிகரணம் கூடற்கால ஒலிகளை வகுத்துப் பறவைக் குரல்களோடு ஒப்பிடுகிறது. அதோடு நிற்கவில்லை. 'அம்மா', 'போதும்', 'விடு' என்ற பொருளில் பெண் சொல்பவற்றையும் அந்த வரிசையிலேயே வைக்கிறது. மறுப்புச் சொல் அங்கே இன்ப ஒலியாகிவிடுகிறது. நூலின் நுட்பத்தை வியப்போர் இந்த இடத்தைச் சற்று வேகமாகவே கடந்துபோகிறார்கள்.

தமிழ் மரபு பெண்ணுக்கு மௌனத்தையே விதித்தது என்போர் தொல்காப்பியத்தைக் காட்டுவர். தன் வேட்கையைத் தலைவன்முன் கூறுவது தலைவிக்கு இல்லை என்னும் விதி அங்கே உள்ளது; மறுப்பதற்கில்லை. ஆனால் அது மணத்திற்கு முந்தைய ஒழுக்கம் பேசும் களவியலில் நிற்கிறது. அதை இல்லறத்தின்மேல் அப்படியே ஏற்றுவோர் வள்ளுவரின் கற்பியலை என்ன செய்வார்கள்? அதன் 18 அதிகாரங்களில் தலைவி ஓயாமல் பேசுகிறாள். புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான். வாழ்த்தியவள் உடனே, உம்மை நினைத்தவர் யார் என்று கேட்டு அழுகிறாள். தும்மலை அடக்கினால், யார் நினைப்பதை எனக்கு மறைக்கிறீர் என்கிறாள். பேசாமல் உற்று நோக்கினால் அதற்கும் ஒரு கேள்வி. ஒலி, அடக்கம், மௌனம் எதுவும் அங்கே கேள்வி எழாமல் தப்புவதில்லை. வள்ளுவர் இதை நகைச்சுவையாகவே சொல்கிறார்; ஆனால் குறிப்பை ஒருவர் தாமே பொருள்கொண்டு முடித்துவிடாமல் கேட்டறியும் வழக்கம் அதனுள் இருக்கிறது. நூலின் கடைசி அதிகாரம் ஊடலுவகை என்பதும் தற்செயலன்று.

இசைவை அறிவதில் சட்டமும் சொல்லுக்கு இடம் தருகிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், சொல்லாலோ சைகையாலோ பிற குறிப்பாலோ ஐயமின்றித் தெரிவிக்கப்படும் விருப்பமே இசைவு என்று இந்தியக் குற்றவியல் சட்டத்தில் வரையறுத்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. அதே பிரிவின் இரண்டாம் விதிவிலக்கோ, 18 வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாது என்கிறது. அவள் 'வேண்டாம்' என்றாலும் அந்தப் பிரிவின்படி அது குற்றமில்லை.