ஒரே துறைமுகம், இரு சரக்கு: தடையற்ற வணிகமும் இந்திய மின்துறையும் (1993–2022)

முன்னுரை

தடையற்ற வணிகம் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்ற விவாதத்துக்கு ஒரு சட்டகம் தந்தவர்கள் ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் ஆகிய பொருளியலாளர்கள். வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் இருந்த 1991இல், வணிகத்தின் தாக்கத்தை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். உற்பத்தி பெருகுவதால் எரிபொருள் தேவை கூடுவது அளவு விளைவு. எந்தத் தொழில் வளர்கிறது, எது தேய்கிறது என்பதைப் பொறுத்தது கட்டமைப்பு விளைவு. மேம்பட்ட தொழில்நுட்பம் எல்லை கடந்து வருவது நுட்ப விளைவு. இந்திய மின்துறையில் முதலாவதும் மூன்றாவதும் இயங்கிய விதத்தை, நிலக்கரி, சூரிய மின்தகடு ஆகிய இரண்டின் இறக்குமதி வரலாறு வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலக்கரி: திறந்த கதவு

1993-94ஆம் ஆண்டுக்கான இறக்குமதிக் கொள்கை, நிலக்கரியைத் திறந்த பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. தேவைப்படுவோர் தாமே வெளிநாட்டுக் கரியைத் தருவிக்க வழி பிறந்தது. உருக்காலைகளுக்கான கோக்கிங் கரியோடு, மின்தேவை ஏற ஏற, இந்தோனேசியாவின் அனல்மின் கரியும் பெருமளவில் வந்தது. 2023-24இல் மொத்த இறக்குமதி 26 கோடி டன்னைத் தாண்டியது. அளவு விளைவுக்கு இதுவே போதிய சான்று.

இந்த வணிகத்தின் ஆபத்தைக் குஜராத்தின் முந்த்ரா காட்டிற்று. அங்கே 4,000 மெகாவாட் அனல்மின் திட்டத்தை, இறக்குமதிக் கரியை நம்பி, யூனிட்டுக்கு ரூ.2.26 என்ற சராசரி விலையில் டாடா பவர் ஏலத்தில் பெற்றது. 2010 செப்டம்பரில் இந்தோனேசியா தன் ஏற்றுமதிக் கரியைச் சர்வதேச அளவுகோல் விலைக்கே விற்க வேண்டும் என விதித்தது. கணக்கு தலைகீழானது. வெளிநாட்டுச் சட்டம் மாறியதைக் காட்டி இழப்பீடு கோர முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சூரிய மின்தகடு: பாதி மூடிய கதவு

2010இல் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த சூரிய மின்விலை யூனிட்டுக்கு ரூ.17.91. 2017 மே மாதம், ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் அது ரூ.2.44க்கு இறங்கியது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் சீனத் தொழிற்சாலைகள் தகட்டின் விலையை வீழ்த்தியிருந்தன. நுட்ப விளைவு துறைமுகத்தின் வழியாக வந்த கதை இது.

அதே இயக்கம் உள்நாட்டுத் தகடுகளைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்திருந்தது. அமெரிக்கா 2013இல் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. அரசுக் கொள்முதலுக்கு விலக்கு உண்டு என்று இந்தியா வாதிட்டது. அரசு வாங்குவது மின்சாரம், பாகுபாடு காட்டப்படுவதோ தகட்டின்மீது. ஆகவே விலக்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு அமைப்பு 2016 செப்டம்பரில் முடிவு கூறியது. நிபந்தனை போன இடத்தில் வரி வந்தது. 2018 ஜூலையில் 25 விழுக்காடு பாதுகாப்பு வரி; 2022 ஏப்ரலில் தகடுகளுக்கு 40, அவற்றின் மின்கலங்களுக்கு 25 விழுக்காடு சுங்க வரி.

ஒப்பீடு

நிலக்கரிக்கு 2014-15 நிதிநிலை அறிக்கை விதித்த அடிப்படைச் சுங்கம் 2.5 விழுக்காடு. 2010இல் டன்னுக்கு ரூ.50 எனத் தொடங்கி 2016இல் ரூ.400 ஆன தூய எரிசக்தி மேல்வரி இந்தக் குறைந்த சுங்கத்துக்கு ஓரளவு ஈடு செய்தது. ஆனால் 2017இல் அது சரக்கு-சேவை வரி இழப்பீட்டு மேல்வரியாக மாற்றப்பட்டதால், தூய எரிசக்திக்கான நிதி என்ற தொடர்பு அறுந்தது.

அயலாரைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே தகட்டு வரிக்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இரு சார்புகளும் ஒன்றல்ல. கரி இறக்குமதி அன்றாடம் அரிசி வாங்குவது போன்றது. விற்பவர் விலையேற்றினால் உலை ஓயும். தகடு இறக்குமதி நிலம் வாங்குவது போன்றது; பிறகு விலை ஏறினாலும், நிறுவிய தகடு இருபத்தைந்து ஆண்டு விளைச்சல் தரும்.

முடிவுரை

தடையற்ற வணிகம் தானாகப் பசுமையையோ கரும்புகையையோ தேர்ந்தெடுப்பதில்லை. இந்தியாவில் அது இரண்டையும் கூட்டியது. சூரிய மின்சாரம் மலிந்த பின்னும், 2023இல் நாட்டின் மின்னுற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியினுடையதாகவே இருந்தது. எந்தச் சரக்கு மலிவாகக் கரையேறும் என்பதைச் சுங்கப் பட்டியல் தீர்மானிக்கிறது. உள்நாட்டுத் தகட்டுத் தொழிலைக் காப்பது நியாயமே. ஆனால் ஆண்டுதோறும் எரிந்து சாம்பலாகும் சரக்குக்கு 2.5 விழுக்காடும், கால் நூற்றாண்டு மின்சாரம் தரும் சரக்குக்கு 40 விழுக்காடும் விதித்த வரி அமைப்பு, எரிசக்தித் தற்சார்பு என்ற தன் நோக்கத்துக்கே முரணானது.