மறுப்பும் நிபந்தனையும்: தி. நெ. சேஷனின் சுற்றுச்சூழல் ஆண்டுகள் (1985–1988)

பாரிசின் லா சப்பல் பகுதியில், மாணிக்க விநாயகர் ஆலயம் அமைந்த ரூ பஜோலில், பழைய தொடர்வண்டிச் சரக்குக்கூடம் ஒன்று 2013இல் கதிரொளி மின்தகடுகள் வேய்ந்த கூரையின்கீழ் நூலகமும் இளையோர் விடுதியுமாக உருமாறியது. இத்தகைய பணிகள் அரசின் கடமை என்னும் கருத்து அத்துணைப் பழமையானதன்று. பிரான்சு தன் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை 1971 சனவரியில் நிறுவியது. மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு அதற்கு முந்தைய ஆண்டில் பாரிசில் நிகழ்ந்திருந்தது. அதன் முதல் அமைச்சர் ரொபேர் புஜாட், தம் பட்டறிவைக் கூறும் நூலுக்கு ‘இயலாததன் அமைச்சகம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார்.

இந்தியாவில் அவ்வியலாமையை எதிர்கொண்டவர்களுள் ஒருவர் தி. நெ. சேஷன். பாலக்காட்டுத் திருநெல்லாயில் 1932இல் பிறந்து, 1955இல் சென்னை மாகாணப் பிரிவில் ஆட்சிப்பணி ஏற்றவர். தேர்தல் ஆணையராகவே நாடு அவரை நினைவுகூர்கிறது. சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலராக அவர் இருந்த ஆண்டுகள் அப்புகழின் நிழலில் மறைந்தன.

போபால் நச்சுவாயுப் பேரழிவை அடுத்து, 1985இல் இவ்வமைச்சகம் தோன்றியது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் நீரையும் துண்டிக்கவும் நடுவணரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆலைக்கு எதிராக இவ்வளவு வலிமை பெற்ற அமைச்சகம், அரசே கட்டும் அணையின் முன் வலுவிழந்து நின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தெகிரி, சர்தார் சரோவர் ஆகிய இரு அணைகளையும் சேஷன் எதிர்த்தார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. சர்தார் சரோவருக்கான கடன் உடன்படிக்கையில் உலக வங்கி 1985 மே திங்களிலேயே கையொப்பமிட்டிருந்தது. சுற்றுச்சூழல் இசைவோ 1987 சூனில்தான் வழங்கப்பட்டது. அதுவும் நிபந்தனையுடன்: நீர்ப்பிடிப்புப் பகுதிச் சீரமைப்பு, ஈடுகாடு வளர்ப்பு, மறுவாழ்வு ஆகியன கட்டுமானத்தோடு இணைந்தே நடைபெற வேண்டும். மறுக்க இயலாத அலுவலகத்துக்கு எஞ்சிய ஒரே கருவி நிபந்தனைதான்.

அக்கருவி உடனே பயன்படவில்லை. பின்னரே கூர்மை பெற்றது. வங்கி அமர்த்திய மோர்சு குழு 1992இல், இந்நிபந்தனைகள் நிறைவேறாமையைச் சுட்டியது. 1993 மார்ச்சில் எஞ்சிய கடனை இந்தியா கைவிட்டது. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு கட்டுமானத்தைத் தொடர விட்டது. நீதிபதி பரூச்சா மட்டும் தம் மாறுபட்ட தீர்ப்பில், தேவையான ஆய்வுகள் முடியாமலே 1987இன் இசைவு தரப்பட்டது என்றும், புதிதாக இசைவு பெறும்வரை பணி நிற்க வேண்டும் என்றும் எழுதினார்.