கண்ணாடி விட்ட இடம்

கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடிக்கு இடம் விடத்தான் நிகான் 1959இல் லென்ஸ் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் ஒதுக்கியது. டிஎஸ்எல்ஆர் வந்தும் அதே அளவுதான். 2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியையே தூக்கிவிட்டது. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் எங்கள் கூட்டம் அதைப் பொம்மை என்றது. 2013இல் சோனி ஏ7, ஃபிலிம் அளவு சென்சாரோடு வந்ததும்தான் கேலி அடங்கியது.

2018இல் நிகானும் கண்ணாடியில்லாத தன் இசட் வளையத்தில் அந்த இடைவெளியை 16 மில்லிமீட்டருக்குக் குறைத்தது. மிச்சமான இடைவெளியில் அடாப்டர் செருகிப் பழைய லென்ஸை மாட்டலாம். ஆனால் நிகானின் அடாப்டரில், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குக் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். அவற்றைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு, கேமரா உடலிலேயே மோட்டார் உள்ள 2014இன் நிகான் டி750ஐத்தான் இன்றும் சொல்வேன்.