பாதம் கழுவிய பின் கேட்ட கேள்வி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய சிந்தனையை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. அது பங்குத்தந்தையாகிய நம்முடைய அறிக்கை.

சென்ற ஆண்டு தேர்வுக் காலத்தில், பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் தன் தாயோடு பங்கு இல்லத்துக்கு வந்தான். கையில் ஒரு படிவம். இத்தனை மணி நேரம் சமூக சேவை செய்திருக்கிறான் என்று பங்குத்தந்தை சான்று தர வேண்டும். "ஃபாதர், பிள்ளைக்குப் படிக்கவே நேரம் போதலை. நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்" என்றார் தாய். மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். நாம் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து மறைக்கல்வி ஆசிரியை தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். எட்டாம் கட்டளையைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் எழுந்து, "ஃபாதரே செய்யாத சேவைக்குக் கையெழுத்துப் போட்டாரே, டீச்சர்" என்றானாம். அவன் குறும்பாகக் கேட்கவில்லை, குழம்பிப்போய்க் கேட்டான் என்றார் ஆசிரியை.

அன்பானவர்களே, பத்து ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் கற்றுக் கொடுத்ததை, ஒரு கையெழுத்தால் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டோம். நற்பண்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தோம். சேவையைப் படிவமாக நிரப்பிக் கொடுத்தோம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அவை எப்படிச் சந்திக்க வேண்டும் என்பதைத் திருஅவையின் வரலாற்றில் தேடிப் பார்த்தோம். அங்கே கண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பாரிஸ் நகருக்குச் செல்வோம். ஆண்டு 1833. முந்தைய ஆண்டுதான் காலரா நோய் அந்நகரில் 18,000க்கும் அதிகமானோரைக் கொன்றிருந்தது. அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் கூடி வரலாறு, தத்துவம் என்று விவாதிக்கும் மன்றம் ஒன்று இருந்தது. எம்மானுவேல் பெய்லி என்னும் பெரியவர் அதை நடத்தினார். சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் ஓசானாம் அங்கே திருஅவைக்காக வாதாடுவார். ஒரு நாள் எதிர்த்தரப்பு மாணவர் கேட்டார்: உங்கள் திருஅவை ஒரு காலத்தில் நன்மை செய்தது உண்மை, இன்று இந்த நகரத்தின் ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஓசானாம் பதில் சொல்லத் திணறினார். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1833 ஏப்ரல் 23ஆம் நாள், அவருடைய இருபதாவது பிறந்த நாளன்று, ஆறு மாணவர்களும் பெரியவர் பெய்லியும் கூடி, இனி பேச்சோடு நிற்காமல் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்வது என்று முடிவெடுத்தார்கள். அதுதான் இன்று நம் பங்கிலும் இருக்கின்ற புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம். சபையின் கிளையை நாம் 'கான்பரன்ஸ்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அந்த மாணவர் மன்றத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இளைஞர்களுக்கு ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. எனவே அவர்கள் ஓர் ஆசிரியையைத் தேடிப் போனார்கள். மூஃப்தார் என்னும் ஏழ்மை மிகுந்த பகுதியில் பல்லாண்டுகள் பணியாற்றிய பிறரன்புப் புதல்வியர் சபையின் அருட்சகோதரி ரொசாலி ரென்டு அவர்தான். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலையும், ரொட்டிக்கும் கரிக்கும் உரிய சீட்டுகளையும் அவர் கொடுத்தார். அதைவிட முக்கியமாக, ஏழையின் வீட்டில் எப்படி நடந்துகொள்வது, எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்பதைக் கற்றுக் கொடுத்தார். மாணவர்கள் வாரந்தோறும் கூடி, தாங்கள் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லி, செபித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள்.

இதன் பலன் என்ன? ஓசானாம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தொழிலாளரின் உழைப்புக்கும் கூலிக்கும் நீதி கேட்டுப் பேசினார், எழுதினார். தொழிலாளர் பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் சுற்றுமடல் வெளியிடுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவர் இதைச் செய்தார். அந்த அறிவு அவருக்கு நூலகத்திலிருந்து மட்டும் வரவில்லை. மூஃப்தார் பகுதியின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியதால் வந்தது. 1997இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் பாரிஸ் நகரிலேயே ஓசானாமை அருளாளராக உயர்த்தினார். அருட்சகோதரி ரொசாலிக்கு அதே சிறப்பு 2003இல் கிடைத்தது. மாணவரும் ஆசிரியையும் இருவரும் பீடத்தில் இருக்கிறார்கள்.

அடுத்து, இத்தாலியின் தூரின் நகரம். ஆண்டு 1854. அங்கும் காலரா. நோய்க்கிருமியைப் பற்றிய தெளிவு மருத்துவ உலகுக்கு இன்னும் வராத காலம். நோயாளிகளைத் தொட உறவினரே அஞ்சினார்கள். வால்தோக்கோவில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திவந்த புனித தொன் போஸ்கோ, ஆகஸ்டு 5ஆம் நாள் பையன்களிடம் பேசினார். நோயாளிகளைக் கவனிக்க யார் என்னோடு வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் 14 பேர் முன்வந்தார்கள். பிறகு இன்னும் 30 பேர் சேர்ந்தார்கள்.

அவர்களை அப்படியே தெருவில் இறக்கிவிடவில்லை அந்தத் தந்தை. முதலில், இறைவனோடு ஒப்புரவாகி, தூய உள்ளத்தோடு இருக்கச் சொன்னார். பிறகு, ஒவ்வொருவரும் புளிக்காடிப் புட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, நோயாளியைத் தொட்ட பின் அதில் கைகழுவ வேண்டும் என்றார். ஆன்மாவுக்கும் பாதுகாப்பு, உடலுக்கும் பாதுகாப்பு. அவருடைய தாய் மார்கரித்தா அம்மா, வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் நோயாளிகளுக்கென்று எடுத்துக் கொடுத்தார். கடைசியில் பீடத்து விரிப்பும் போயிற்று. பையன்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்பது சலேசிய சபையார் இன்றும் நன்றியோடு நினைவுகூரும் செய்தி.

இன்று எந்தப் பள்ளியும் சிறுவர்களைத் தொற்றுநோய் வார்டுக்கு அனுப்பாது; அனுப்பவும் கூடாது. ஆனால் அந்தப் பையன்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களே தெருவிலிருந்து வந்தவர்கள், பிறருடைய இரக்கத்தால் சோறு உண்டவர்கள். உன்னாலும் கொடுக்க முடியும், நீ வேண்டப்படுகிறவன் என்று அவர்களை நம்பிக் கேட்டார் தொன் போஸ்கோ. பெறுகிறவன் கொடுக்கிறவனாக மாறிய அந்த நாளில்தான் அவர்களுடைய நற்பண்பு முதிர்ந்தது. அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்று தூண்களின் மீது அவர் எழுப்பிய கல்வி முறை வெறும் ஏட்டுக் கொள்கை அல்ல என்பதற்கு இது சான்று.

மூன்றாவதாக, நம் நாட்டுக்கே வருவோம். கொல்கத்தாவில், சியால்டா இரயில் நிலையத்துக்கு அருகில் லொரேட்டோ கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்று இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து, 1956இல் இந்தியா வந்த அருட்சகோதரி சிரில் மூனி, 1979இல் அந்தப் பள்ளியின் முதல்வர் ஆனார். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் உள்ளே. இரயில் நிலைய நடைமேடையில் வளரும் பிள்ளைகள் வெளியே. நடுவில் ஒரு சுவர். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளை ஆண்டுதோறும் அதிகமாகச் சேர்த்துக்கொண்டார். காலப்போக்கில் பள்ளியில் அவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் ஆனார்கள். 1985இல் 'வானவில்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பள்ளிக்குள் பள்ளியைத் தொடங்கினார். தெருவில் வாழும் சிறுமிகள் தங்களுக்கு முடிந்த நேரத்தில் வருவார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவது யார்? ஐந்தாம் வகுப்பு முதல் படிக்கும் அந்தப் பள்ளியின் மாணவியரே. ஒரு மாணவிக்கு ஒரு சிறுமி என்று பக்கத்தில் அமர்ந்து கற்றுக் கொடுப்பார்கள். வாரம் ஒரு நாள் மாணவியர் கிராமப் பள்ளிகளுக்கும் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

இது மாலை வேளையில் விருப்பப்பட்டவர் செய்கிற தொண்டு அல்ல. வேலைக்கல்வி என்று கால அட்டவணையில் இருந்த பாடவேளைதான் இதற்குப் பயன்பட்டது. இதோடு, நன்னெறிக் கல்விக்கென்று பாடநூல்களையும் அருட்சகோதரி எழுதினார். வகுப்பில் சமத்துவம் என்று படித்த சொல், மாடியில் ஒரு சிறுமியின் முகமாக எதிரே அமர்ந்திருந்தது. இந்திய அரசு 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2023இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம்முடைய கேள்வி இங்கேதான் எழும். "இப்படி வெளியே அனுப்பினால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், ஃபாதர்?" பெற்றோரின் இந்தக் கவலையை நாம் குறை சொல்ல மாட்டோம். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைக்கிறீர்கள். ஆனால் பெருக்கல் கணக்கை இன்னொரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, அந்தக் கணக்கைத் தானும் நன்றாகப் புரிந்துகொள்கிறது. பொறுமையையும் சேர்த்தே படிக்கிறது. பொறுமைக்குத் தனியாக ட்யூஷன் இல்லையே!

ஆனால் சேவை என்று பெயரிட்டால் மட்டும் நற்பண்பு வந்துவிடாது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் பலரும் அதில் இருக்கிறார்கள். நல்ல திட்டம். முகாமுக்குப் போய், குப்பை அள்ளி, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் வாங்கித் திரும்பிவிட்டால், குப்பை மட்டும்தான் இடம் மாறியிருக்கும். இந்தக் குப்பை ஏன் எப்போதும் இந்தத் தெருவில் மட்டும் சேர்கிறது, இதை நாள்தோறும் அள்ளுகிறவர் யார், அவருடைய பெயர் எனக்குத் தெரியுமா என்று ஆசிரியர் உட்கார வைத்துக் கேட்டால், மனம் இடம் மாறும்.

இயேசு சபையின் உலகத் தலைவராக இருந்த தந்தை பேத்ரோ அருப்பே, 1973 ஜூலை 31ஆம் நாள் ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர் மாநாட்டில் பேசினார். பெரிய பதவிகளில் இருந்தவர்கள் அமர்ந்திருந்த அவை. நீதிக்காக வாழ உங்களைப் பயிற்றுவித்தோமா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே தாழ்மையோடு பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் ஆக வேண்டும் என்றார். அந்தப் பேச்சு சிலருக்குக் கசந்தது. ஆனால் உலகெங்கும் பல கத்தோலிக்கப் பள்ளிகள் தம்மைத் தாமே கேள்வி கேட்டுக்கொள்ள அதுவே தூண்டுகோல் ஆயிற்று. ஒரு சபைத் தலைவரே தவற்றை ஒப்புக்கொண்டபோது, ஒரு பங்குத்தந்தை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

இறுதியாக, மேல்மாடி அறைக்குச் செல்வோம். இராவுணவின்போது நம் ஆண்டவர் எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார். பெரிய வியாழன்தோறும் இதை நாம் செய்துகாட்டுகிறோம். ஆனால் அதற்கு அடுத்து நடந்ததை மறந்துவிடுகிறோம். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கழுவி முடித்ததும் ஆண்டவர் மேலுடையை அணிந்துகொண்டு மீண்டும் பந்தியில் அமர்ந்து, தாம் செய்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்டார். செயல் முதலில், பிறகு உட்கார்தல், பிறகு கேள்வி. ரொசாலி செய்ததும், தொன் போஸ்கோ செய்ததும், சிரில் அம்மா செய்ததும் இந்தப் போதகரிடம் கற்றதுதான். செயல் இல்லாத போதனை காற்றோடு போகும். கேள்வி இல்லாத செயல் படிவத்தோடு போகும்.

எனவே பங்குப் பேரவையோடு கலந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் மாதம் முதல், முதல் ஞாயிறுதோறும், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மறைக்கல்வி மாணவர்கள் இருவர் இருவராக, வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர் ஒருவரோடு, தனியே வாழும் முதியோர் வீடுகளுக்குச் செல்வார்கள். தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம், மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லலாம், சும்மா பேசிக்கொண்டும் இருக்கலாம். திரும்பி வந்ததும் அரை மணி நேரம் பங்கு மண்டபத்தில் அமர்ந்து, என்ன கண்டோம், என்ன கற்றோம் என்று பேசுவார்கள். நாமும் அவர்களோடு அமர்வோம். சான்றிதழ் வேண்டுவோருக்குக் கையெழுத்து அதற்குப் பிறகே கிடைக்கும். பெற்றோர் இதில் நம்மோடு ஒத்துழைக்க வேண்டுகிறோம்.

அந்த மாணவனை அழைத்து, "தம்பி, அன்று கையெழுத்துப் போட்டது எங்கள் தவறு" என்று சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு, "சரி ஃபாதர்" என்றான். முதல் ஞாயிறு வருவாயா என்று கேட்டோம். "பார்க்கிறேன் ஃபாதர்" என்றான். அவன் வந்தாலும் வராவிட்டாலும், இந்த முறை உண்மையான பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நமக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக. ஆமென்.