எடைச் சீட்டு

ரயில் நிலையங்களில் முன்பெல்லாம் நின்றிருந்த எடை இயந்திரம் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். ஏறி நின்று, சக்கரம் சுழன்று ஓய்ந்த பிறகு காசைப் போட்டால் கெட்டி அட்டைச் சீட்டு ஒன்று வந்து விழும். எடை இருக்கும், கூடவே குணபலனோ நடிகையின் படமோ இருக்கும். எடையும் ஜோசியமும் ஒரே அட்டையில் வருவதில் யாரும் விபரீதம் எதையும் காணவில்லை. ஜோசியத்தைப் படித்துச் சிரித்தோம், எடையை நம்பினோம். எடையிலும் கொஞ்சம் ஜோசியம் கலந்திருக்கிறது என்பதும், அது கலந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதும் எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

தெரிந்துகொள்ள நேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகளுக்கு வயது 15. அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் ஒரு நாள் தற்செயலாக என் கண்ணில் பட்டன. தேதி, சாப்பிட்டது, எடை என்று மூன்று பத்திகள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். இட்லி ஒன்று. மோர் ஒரு டம்ளர். சில நாட்களுக்கு நடுப் பத்தி காலி. வங்கியில் கணக்கு நேர் செய்தே காலம் தள்ளுகிறவன் நான்; இவ்வளவு சுத்தமான கணக்கை அதிகம் பார்த்ததில்லை. முதல் தேதியைக் கவனித்தபோதுதான் உறைத்தது. ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் "என்னடி, ஒரு சுற்றுப் பெருத்துட்டே" என்று நான் சொன்னதற்கு மறுநாள் அது. நம் வீடுகளில் இதற்குக் குசலம் விசாரிப்பது என்று பெயர். அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். அழவில்லை. "சார்ட்டுல போட்டிருக்கு மாமா. நம்பர் பொய் சொல்லுமா?" என்றாள். அவள் பார்த்தது பெரியவர்களுக்கான அட்டவணை.

கேள்வி நியாயமானதுதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

பழியை எல்லாம் எண்ணின் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்கு பைரன் ஒருவரே போதும். பி.ஏ.யில் எங்களுக்குப் பைரனைப் பாடம் சொன்னவர்கள் அவருடைய காதல்களைச் சொன்னார்கள், கிரேக்கத்துக்குப் போய் அவர் உயிர் விட்டதைச் சொன்னார்கள். அவருடைய பட்டினியைச் சொல்லவில்லை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு கடை. சரக்கு நிறுக்கிற பெரிய தராசில் கனவான்கள் ஏறித் தங்களை நிறுத்துக்கொள்வதும், கடைக்காரர் அதைப் பேரேட்டில் பதிவதும் 1765 முதல் அங்கே வழக்கம். 1806 ஜனவரியில், 18 நிறையாத பைரன் பூட்ஸோடு சுமார் 88 கிலோ. 1811-ல் சுமார் 62. நடுவில் என்ன நடந்தது என்பதை 1807-ல் தன் வக்கீலுக்கு அவரே எழுதியிருக்கிறார். ஏழு வெயிஸ்ட்கோட்டுகளும் மேலே ஒரு கனத்த கோட்டுமாக ஓட்டம், அதே கோலத்தில் கிரிக்கெட், நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. பிறவியிலேயே வளைந்த பாதம், பருத்த தாய், கேலி செய்ய ஒரு உலகம். காரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பலனைத்தான் பார்க்கவேண்டும். 1818-ல் வெனிஸில் அவரைப் பார்த்தவர்கள் ஊதிப்போய்விட்டார் என்றார்கள். 1823-ல் ஜெனோவாவில் பார்த்தவர்கள் பையனைப் போல மெலிந்திருக்கிறார் என்றார்கள். 1824-ல், 36-ம் வயதில், இறந்தார். பதினெட்டில் தொடங்கிய சண்டை அவருக்கு முடியவேயில்லை.

ஆனால் ஒன்று. பைரனிடம் அட்டவணை இல்லை. தன்னை விரட்டுவது வெட்கம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்; விஞ்ஞானம் என்று அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சான்றிதழ் பெல்ஜியத்திலிருந்து வந்தது, கொடுத்தவர் வைத்தியர்கூட அல்ல. அடால்ஃப் கெத்லே 1796-ல் கென்ட் நகரில் பிறந்த வானசாஸ்திரி. ஒரு நட்சத்திரத்தைப் பல பேர் பலமுறை அளந்தால் அளவுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகும். சராசரி எடுத்தால் நட்சத்திரம் நிஜமாக இருக்கும் இடம் கிட்டும். இது வானசாஸ்திரத்தின் பால பாடம். கெத்லே இதை மனிதர்கள்மேல் பிரயோகித்தார். 1835-ல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் 'சராசரி மனிதன்' பிறக்கிறான். பிற்பாடு 5,738 ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே சிலையை ஆயிரம் தடவை அளந்தால் எப்படிப் பிழைகள் சிதறுமோ அப்படியே இந்த அளவுகளும் சிதறுகின்றன என்று காட்டினார். கணக்கு சரி. சறுக்கல் வேறு இடத்தில். நட்சத்திரம் ஒன்று, அங்கே சராசரி உண்மை, விலகல் பிழை. சிப்பாய்கள் 5,738 பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரே அசல் சிப்பாய் நிற்கிறான் என்றால், ரத்தமும் சதையுமாக நிற்கிற ஒவ்வொருவனும் ஒரு பிழை என்றாகிறது. அழகின் இலக்கணமும் அந்தச் சராசரிதான் என்று கெத்லே நம்பினார். நம் காலத்தின் துக்கங்களில் பாதி இந்த வாக்கியத்திலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தோன்றுகிறது. மிகையாக இருக்கலாம்.

வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று கண்டவரும் இவர்தான். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற இன்றைய வாய்ப்பாட்டின் மூலம் இதுவே. வளரும் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தாது, பூப்புப் பருவத்தில் எடை மறுபடி வேகமாக ஏறுகிறது என்பதையும் அதே கையோடு அவர் எழுதிவைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் வர்க்கத்தை எடுத்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கட்டம் இன்ஷூரன்ஸ். நியூயார்க் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனியின் புள்ளியியல்காரர் லூயிஸ் டப்ளின் 1942-ல் பெண்களுக்கும் 1943-ல் ஆண்களுக்கும் அட்டவணை வெளியிட்டார். பாலிசி எடுத்தவர்களில் எந்த எடைக்காரர்கள் குறைவாகச் செத்தார்களோ அந்த எடைக்கு 'இலட்சிய எடை' என்று பெயர் வைத்தார். 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அட்டவணை. சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என்று மூன்று பத்திகள்; எது யாருடைய உடல்வாகு என்று கண்டுபிடிக்க வழி சொல்லவில்லை. 1959-ல் 'விரும்பத்தக்க எடை' என்று பெயர் மாறியது. கம்பெனி செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லட்சம் பேரை வைத்து லாப நஷ்டம் பார்ப்பது அவர்கள் தொழில். கடன் கேட்டு வருகிறவரை நாங்களும் அட்டவணையில் வைத்துத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்தத் தாளைத் தன் யோக்கியதாபத்திரம் என்று யாரும் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக ஆன்சல் கீஸ். கெத்லேயின் விகிதத்துக்கு 1972-ல் இன்றைய பெயரைச் சூட்டியவர். பாடி மாஸ் இண்டெக்ஸ், பி.எம்.ஐ. ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கு மேற்பட்டவர்களை வைத்து எழுதிய கட்டுரை. அத்தனை பேரும் வளர்ந்த ஆண்கள். ஜனக்கூட்டங்களை ஒப்பிட உதவும் எளிய கருவி என்ற அளவில் அது குற்றமற்றது. என்னைத் திகைக்க வைத்தது வேறு. இதே கீஸ், இந்த எண்ணுக்குப் பெயர் வைப்பதற்கு 27 வருஷம் முன்பே, பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை உலகத்திலேயே நுட்பமாக அளந்து முடித்திருந்தார்.

1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் வந்து தங்கினார்கள். மனசாட்சியின் பெயரால் யுத்தத்துக்குப் போக மறுத்தவர்கள். யுத்தம் முடிந்ததும் பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று கண்டறிய, தாங்களாக முன்வந்து உடம்பைக் கொடுத்தவர்கள். 24 வாரம் ஏறத்தாழ அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி போயிற்று. எடையோடு போனவைதான் விஷயம். சிரிப்பு போயிற்று, சிநேகம் போயிற்று, பெண் ஆசை போயிற்று. வெயிலில் குளிர் எடுத்தது. தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்காக இழுத்தார்கள். சமையல் புத்தகங்களை நாவலைப் போலப் படித்தார்கள்; பசிக்கு முன்னால் அவர்களில் பலருக்குச் சமையலில் பெரிய சிரத்தை இருந்திருக்காது. ஒருவர் கோடாரியால் தன் கைவிரல்களைத் துண்டித்துக்கொண்டார், தெரிந்து செய்தாரா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. பிறகு சோறு கிடைத்தபோதும் பசி அடங்கவில்லை. எடை பழைய அளவைத் தாண்டி ஏறியது, அதிலும் கொழுப்பாகத்தான் ஏறியது. 1950-ல் வந்த இரண்டு தடித்த வால்யூம்களில் இத்தனையும் இருக்கிறது.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு என் அக்காள் மகள் பிரியாணி செய்கிற வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறாள் என்று அக்காள் சொல்லியிருந்தாள். இதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

அதே மினசோட்டா பல்கலைக்கழகம் 1999-லும் மறுபடி 2004-லும் பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. எடை குறைக்கப் பத்தியம் பிடித்த பிள்ளைகள், பிடிக்காதவர்களைவிட ஐந்து வருஷத்தில் பருமனாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. சாப்பாடே வியாதியாகிப்போகும் வாய்ப்பும் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் தன் மருத்துவர்களுக்குச் சொன்னது இதை ஒட்டித்தான். பத்தியத்தை ஊக்குவிக்காதே, வீட்டில் எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். வளர்ந்தவரின் எடையில் ஏறத்தாழ பாதி இந்தச் சில வருஷங்களில்தான் சேர்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு வயதும் பாலும் பார்த்துத் தனி வளர்ச்சிக்கோடு. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் ஒன்று வெளியிட்டது, 2015-ல் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் ஒன்று வெளியிட்டார்கள். பருமனால் வியாதிப்படுகிற பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்வது இன்னொரு பொய். அவர்களிலும் பலருக்கு, உயரம் வந்து எட்டிப்பிடிக்கும்வரை எடை மேலே ஏறாமல் இருந்தாலே போதும் என்கிறார்கள். அதையும் அந்தக் கோட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். பதினைந்து வயதுக்காரி ஸ்கேல் வைத்துப் போடுகிற கணக்கல்ல அது.

அக்காள் அவளைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். அந்த அம்மாள் எடை இயந்திரத்துக்குப் போகுமுன் தூக்கம், மாதவிலக்கு, குளிர், தலைமுடி எல்லாவற்றையும் விசாரித்தார். பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் எடுத்த உயரங்களை வாங்கி ஒரு தாளில் புள்ளி வைத்தார். அவளை இயந்திரத்தில் எண் தெரியாதபடி திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் பார்த்து, "வீட்ல யாராவது இவ உடம்பைப் பத்திப் பேசுவீங்களா?" என்று கேட்டார். அக்காள் என்னைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. நான்தான் பேசினேன் என்று சொன்னேன்.

நோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. எழுதுகிறாளா என்று நான் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மோர்க்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.